மாமா மேடையேற்றிய மாப்பிள்ளைச் சால்வை

பிந்தி வருவது எங்கள் வீட்டில் பெரிய குற்றம். சுவிஸில், சூரிச்சுக்குப் பக்கத்து ஷ்லீரனில், பஸ் ஏழு பன்னிரண்டுக்கு என்றால் ஏழு பன்னிரண்டுக்குத்தான். ஒரு நிமிடம் பிந்திப் போனால் அதன் முதுகைத்தான் பார்க்கலாம். அதற்காகவே அம்மா சுவர் மணிக்கூட்டை ஐந்து நிமிடம் முந்தி ஓடவிட்டிருந்தார். அப்படிப்பட்ட வீட்டுக்குள், பிந்தி வருவதையே தொழிலாகக் கொண்ட ஒரு பாட்டுக்காரியை மாமா கொண்டுவந்து குடிவைத்தார்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் கோப்பை கழுவிக்கொண்டு எங்களோடு இருந்தார். பழைய சாமான் கடை ஒன்றில் இசைத்தட்டுப் பெட்டியும் நாலு இசைத்தட்டுகளும் வாங்கி வந்தார். நாலும் ஒருத்தியின் பாட்டுத்தான். பெரிய வாத்தியக் குழுவோடு சுவிங் என்கிற ஜாஸ் பாட்டுப் பாடும் அமெரிக்கக் கிழவி. கொழும்பில் வேலை பார்த்த காலத்தில், தேத்தண்ணிக் கடை ரேடியோவில் அவளுடைய குரலைக் கேட்டு, ஆறிப்போன தேத்தண்ணியோடு அப்படியே நின்றவராம் மாமா. எங்களிடம் அவளைப் பற்றிக் கதைக்கும்போது பெயர் சொல்ல மாட்டார். "எங்கட ஆள்" என்பார். அம்மா "உன்ர ஆள்" என்பார்.

"கவனிச்சியே பிள்ளை," என்று என்னைப் பக்கத்தில் இருத்தி, தொடையில் விரலால் தாளம் போடுவார். "தாளம் வந்திட்டுது. எங்கட ஆளைக் காணேல்லை. இன்னும் காணேல்லை... இந்தா, வந்திட்டா! இந்த நாட்டில பிந்தி வந்து கைதட்டு வாங்கிறது இவ ஒருத்திதான்."

எனக்கு அப்போது ஒன்பது வயது. பாட்டில் ஒரு சொல்லும் விளங்காது. ஆனால் ஓடுகிற பஸ்ஸில் கடைசி நொடியில், மூச்சு வாங்காமல், சிரித்துக்கொண்டு ஏறுகிற ஒருத்தியை அந்தக் குரலில் என்னால் பார்க்க முடிந்தது. முதல் தட்டில் அவள் குரல் வழுக்கிக்கொண்டு போகும். கடைசித் தட்டில் அதில் கொஞ்சம் மணல் விழுந்திருக்கும். மாமாவுக்குக் கடைசித் தட்டுத்தான் உயிர். இளமையில் எல்லோருக்கும் குரல் இருக்கும், இப்போதுதான் அவளிடம் கதை இருக்கிறது என்பார். அப்பா தொழிற்சாலை வேலையால் வந்து சோறு சாப்பிட்டுக்கொண்டே ஒரு தீர்ப்புச் சொன்னார்: "ஒரு சொல்லும் விளங்கேல்லை. ஆனா மனுசி பொய் சொல்லேல்லை." அம்மா மட்டும் மசியவில்லை. குடிகாரர் கூடும் இடத்துப் பாட்டு என்று சொல்லி, தான் வீட்டில் நிற்கும்போது பெட்டியைத் திறக்கவே விடமாட்டார்.

ஒரு வசந்தகாலத்தில் அந்தப் பாட்டுக்காரி சூரிச்சுக்கு வருகிறாள் என்று ஹோட்டல் சுவரில் ஒட்டியிருந்ததை மாமா பார்த்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பின்னேர நிகழ்ச்சி. இரண்டு டிக்கெட் எடுத்தார். மற்றது எனக்கு. மாமாவுக்கு இங்கிலீஷ் வரும், இந்த ஊர் ஜெர்மன் வராது. எனக்கு அதுதான் வரும். அந்தக் காலத்தில் எங்கள் பெரியவர்கள் டொக்டரிடமும் அரசாங்கக் கந்தோருக்கும் போவதென்றால் வீட்டுப் பிள்ளை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டுதான் போவார்கள்.

அதே கிழமை மாமாவுக்கு கனடாவிலிருந்து ஒரு கடிதமும் வந்தது. கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பனியில் நிற்கும் பறவை போட்ட முத்திரையை உறையோடு வெட்டி என்னிடம் தந்தார். நான் முத்திரை சேர்த்துக்கொண்டிருந்தேன். கனடா முத்திரை வகுப்பில் ஒருத்தரிடமும் இல்லை. தலைகால் புரியவில்லை எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அம்மா முதியோர் இல்லத்துக்குத் துப்புரவு வேலைக்குப் போய்விட்டார். இரவு வேலை முடித்த அப்பா குறட்டை. மாமா இரவல் கோட்டோடு நின்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார்: கட்டிலுக்குக் கீழே அம்மாவின் சூட்கேஸ், அதன் அடியில் வெள்ளைத் துணியில் சுற்றிய பட்டுச் சால்வை, எடுத்துக்கொண்டு வா. அது அப்பாவின் கலியாணச் சால்வை. சரிகைக் கரை போட்டது. ஊரிலிருந்து வரும்போது அம்மா நகையைக்கூட விட்டுவிட்டு அதை எடுத்து வந்தவர். எங்களைத் தொடவும் விடமாட்டார்.

"கலைஞர் மேடையால வெறுந்தோளோட இறங்கக்கூடாது பிள்ளை. பொன்னாடை போர்த்தவேணும். இஞ்ச பொன்னாடைக்கு நான் எங்க போக?"

"அம்மா கொல்லுவா, மாமா."

"போர்த்திப்போட்டு, பிறகு உள்ளுக்க போய்க் கேட்டு வாங்கிக்கொண்டு வருவம். எங்கட சனசமூக நிலையம் ஒரே பொன்னாடையில மூண்டு பேரைக் கௌரவிச்சது தெரியுமோ? அம்மா வேலையால வர முதல் சூட்கேசுக்குள்ள இருக்கும்."

குசினியிலிருந்து ஒரு எவர்சில்வர் தட்டையும் எடுத்துக்கொண்டோம். சும்மா கையில் கொண்டுபோவது மரியாதை இல்லையாம்.

மண்டபத்தில் எங்கள் இருக்கை கடைசியிலிருந்து மூன்றாம் வரிசை. அவள் மேடைக்கு வந்தபோது, இவ்வளவு சின்ன மனுசியா என்றிருந்தது. கால் கொஞ்சம் இழுத்து நடந்தாள். மைக்கைப் பிடித்ததும் அந்தக் கால் காணாமல் போய்விட்டது. கொம்பு வாத்தியங்கள் எழுந்து நின்று முழங்க, அவள் அவசரமே இல்லாமல், வழக்கம்போலப் பிந்தி வந்தாள். பக்கத்தில் இருந்த சுவிஸ்காரர்கள் அசையாமல் கேட்டார்கள். மாமாவால் முடியுமா? "ஆகா! பார், பார், விட்டுப் பிடிக்கிறா!" என்றார். முன்வரிசைத் தலைகள் திரும்பின.

கடைசித் தட்டில் இருக்கும், மாமாவுக்கு உயிரான அந்தப் பாட்டு வந்தது. அது முடிகிற இடம் எங்களுக்கு நெஞ்சுப்பாடம். அவள் ஒரு மூச்சு எடுப்பாள், அது கேட்கும், கடைசி வரியை நீட்டி விடுவாள், அவ்வளவுதான். மாமா எழும்பினார். நான் தட்டை ஏந்திக்கொண்டு பின்னால் போனேன். கோயிலுக்குப் போவதுபோல இருவரும் நடுப்பாதையால் நடந்தோம். வாசல்காரர் ஒருவர் மறிக்க வந்தார். தட்டோடு ஒரு சின்னப் பெண்ணைக் கண்டதும், இதுவும் நிகழ்ச்சியில் சேர்ந்ததாக்கும் என்று விலகி நின்றார். மேடைப் படியில் ஏறினோம்.

அப்போதுதான் விஷயம் தெரிந்தது. இசைத்தட்டில் அந்தப் பாட்டு அவ்விடத்தில் முடிந்துவிடும். மேடையில் அது பாதிதான். எக்காளக்காரர்கள் மறுபடி எழும்பி நின்று முழங்கத் தொடங்கினார்கள். அந்த வெளிச்சத்துக்கு நடுவே மாமா சால்வையை இரண்டு கையிலும் விரித்துப் பிடித்தபடி, முன்னாலும் போகாமல் பின்னாலும் போகாமல் நின்றார். நான் தட்டால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். பாட்டை நிறுத்தவில்லை. ஒரு விரலைத் தூக்கி, பொறு என்பதுபோல மாமாவுக்குக் காட்டினாள். தாளம் வந்தது. அவள் வரவில்லை. இன்னும் வரவில்லை. பிறகு தோளை மெல்ல மாமா பக்கம் சாய்த்தாள். மாமா போர்த்தினார். சால்வை தோளில் விழுந்ததும் அவள் குரல் எழுந்தது. அசையாமல் இருந்த சனம் எழும்பி நின்று கைதட்டியது. மாமா கும்பிட்டார். அவளும் கும்பிட்டாள்.

பிரச்சினை அதற்குப் பிறகு. நிகழ்ச்சி முடிந்து, அவள் சால்வையோடேயே உள்ளே போய்விட்டாள். எனக்கு அம்மாவின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. பின்வாசலில் நின்றவரிடம், நாங்கள்தான் அந்தச் சால்வைக்காரர், ஒரு நிமிடம் பார்க்க வேண்டும் என்று என்னுடைய நல்ல ஜெர்மன் முழுவதையும் போட்டுக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு உள்ளே விட்டார்.

அவள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, வெறுங்காலைக் கதிரையில் தூக்கிப் போட்டிருந்தாள். தோளில் சால்வை. மாமா இங்கிலீஷில் மெல்லக் கதைத்தார். அவள் ஏதோ கேட்டாள். மாமா சட்டைப் பையைத் தொட்டுக்காட்டி ஏதோ சொன்னார். அவள் சிரிப்பை நிறுத்தினாள். சால்வையைக் கழற்றி, சரிகையைத் தடவிப் பார்த்து, மாமாவிடம் நீட்டினாள். மாமா வாங்கினார். அப்பாடா என்று நான் தட்டை நீட்டினேன்.

மாமா சால்வையை அழகாக உதறி, மடிப்பைச் சரிபார்த்து, திரும்பவும் அவள் தோளில் போர்த்திவிட்டார்.

ரயிலில் எனக்கு அழுகை. "தந்தவவெல்லோ! ஏன் மாமா திருப்பிக் குடுத்தனீங்கள்?"

"மேடையில போர்த்தினது சபைக்காக," என்றார் மாமா. "உள்ளுக்க போர்த்தினது எனக்காக."

வீட்டுக்கு வந்தால் அம்மா எங்களுக்கு முன்னால் வந்திருந்தார். சூட்கேஸ் திறந்து கிடந்தது. அம்மா ஆடின ஆட்டத்தில் அப்பா குறட்டையிலிருந்து நேரே எழும்பி வந்தார். "அறிவு கெட்டவனே! ஆருக்கெண்டு அதை மூட்டை கட்டிக்கொண்டு வந்தனான்? உன்ர கலியாணத்துக்கெல்லோடா வச்சிருந்தனான்!"

மாமா கடிதத்தை எடுத்து அம்மாவிடம் கொடுத்தார். அம்மா வாசித்தார். சுவர் மணிக்கூடு மட்டும் முந்தி முந்தி ஓடிக்கொண்டிருந்தது. அப்பா மெதுவாக, "என்ர தோளில அது அரை நாள்தான் கிடந்தது. இனி உலகம் சுத்தட்டும்," என்றார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டார். பிறகு ஒருநாளும் சொல்லாததைச் சொன்னார்: "சரி, உன்ர ஆளைப் போடு. அப்பிடி என்னதான் பாடுறா எண்டு கேப்பம்."

நாலு தட்டையும் கேட்டோம். கடைசித் தட்டில் அந்த மூச்சு வருமிடத்தில், "இவவுக்கென்ன இவ்வளவு பிந்துது?" என்று அம்மா கேட்க, மாமா விழுந்து விழுந்து சிரித்தார். மாமாவும் பிறகு பிந்தித்தான் கலியாணம் கட்டினார். மாமி சுவிஸிலேயே ஃப்ரிபூர்க்கிலிருந்து வந்தவர். புதுச் சால்வை, தலைவாசலில் பழைய இசைத்தட்டுப் பெட்டி, எல்லாம் அமர்க்களமாக நடந்தது.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தெரிந்ததெல்லாம் வேறு. அம்மாவுக்கு ஒருவழியாகப் பாட்டுப் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். அடி விழாமல் தப்பிவிட்டோம் என்று நினைத்தேன். அறைக்குள் போய், பனியில் நிற்கும் பறவையைத் தண்ணீரில் ஊறப்போட்டு, உறைத் தாளை மெல்ல உரித்தேன். ஊரில் மாமாவுக்குப் பேசி வைத்திருந்த பெண் கனடாவுக்குப் போனது எனக்குத் தெரியாது. அங்கே வேறொருவரைக் கட்டப்போவதாக அவர் எழுதிய கடிதம் அது என்பதும் தெரியாது. முத்திரையை ஆல்பத்தின் முதல் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு ஓடிப்போய், இப்படி இன்னும் கடிதம் வருமா மாமா என்று கேட்டேன்.

"இல்லையடா குஞ்சு," என்றார் மாமா, தொடையில் தாளம் போட்டபடி. "கவனமா வச்சிரு."