சுடுகிறதா என்று கேட்டால்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். கட்டிலில் அண்ணை. தலைமாட்டில், குளிர்ச் சட்டையைக்கூடக் கழற்றாமல், நான். கால்மாட்டில் ஊசி வைத்தியம் செய்கிற சீன அம்மா. ஜன்னலோரம், பிடித்து நடப்பதற்கான இரண்டு நீளக் கம்பிகளின் உயரத்தைச் சரிபார்த்துக்கொண்டு நின்ற பிசியோ இளைஞன். ஆனால் அந்த நாளை நினைத்தால் எனக்கு முதலில் தெரிவது இந்த முகங்கள் அல்ல. அண்ணையின் வலது பாதத்துக்கு மேலே கழுத்தை வளைத்துக்கொண்டு நின்ற வெப்ப விளக்குத்தான். கறுத்த வட்டத் தலை. வெளிச்சமே வராது, சூடு மட்டும் வரும். அது எரிகிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்ல முடியாது என்பதே எனக்கு முதல் நாளிலிருந்து பிடிக்கவில்லை.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வைத்தியத்தைப் பற்றி எழுத எனக்குத் தகுதியில்லை. பயத்தைப் பற்றி எழுதலாம், அதில் நல்ல பழக்கம் உண்டு. என்னை இந்த நாட்டுக்கு எடுத்தவர் அண்ணை. உணவகக் குசினியில் கோப்பை கழுவத் தொடங்கி, சமையற்காரராகி, அங்கேயே ஒரு மத்தியானம் பாரிசவாதம் வந்து விழுந்தார். வலது கையும் காலும் போய்விட்டன. ஆஸ்பத்திரியில் கொடுத்த பயிற்சிக் காலம் முடிந்த பிறகும் கால் தன்பாட்டில் கிடந்தது. நகரத்தில் வில்லரே என்கிற பகுதியில் ஒரு பழக்கடைக்கு மேல்மாடியில் சீன அம்மாவும் பிசியோ இளைஞனும் ஒரே அறையில் சேர்ந்து வேலை செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கூட்டிக்கொண்டு போனேன். அந்த அம்மா அண்ணையின் காலிலும் தலையிலும் மெல்லிய ஊசிகளைக் குத்துவார். ஊசிகள் இருக்கும்போதே இளைஞன் கணுக்காலைப் பிடித்து மேலும் கீழும் அசைப்பான். ஊசி முறிந்து உள்ளே போய்விட்டால்? இரத்தம் நிற்காமல் ஓடினால்? ஒவ்வொரு முறையும் படியேறும்போது இதையே யோசிப்பேன். இரத்தம் உறையாமல் இருக்க அண்ணை குடிக்கிற குளிசைகளை அந்த அம்மாவிடம் திரும்பத் திரும்பக் காட்டுவேன். அவரும் சலிக்காமல் திரும்பத் திரும்பப் பார்ப்பார்.

ஒவ்வொரு ஊசிக்கும் அவர் அண்ணையிடம் கேட்பார்: தெரிகிறதா, கனக்கிறதா, சுடுகிறதா? அண்ணை சிரித்த முகத்தோடு, “வீ, வீ, மெர்சி” என்பார்; பிரெஞ்சில் ஓம், ஓம், நன்றி. எனக்குச் சந்தோசமாக இருக்கும். உணர்ச்சி திரும்பிவிட்டது என்றுதான் எல்லோரும் நம்பினோம். அதை நம்பித்தான், அன்று கம்பியைப் பிடிக்காமல் அண்ணையை நிற்க வைக்கலாம் என்று இளைஞன் தீர்மானித்திருந்தான்.

சீன அம்மா விளக்கை விலக்க வந்தவர் அப்படியே குனிந்து நின்றார். பாதத்தின் மேற்பக்கம் செக்கச்சிவந்து, விரலடியில் ஒரு கொப்புளம் எழும்பியிருந்தது. கொஞ்சம் முன்னர்தான், “சூடு அளவாக இருக்கிறதா?” என்று கேட்டிருந்தார். அண்ணை “வீ” என்றிருந்தார். இந்தக் காலை நம்பி அவர் எழுந்து நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

குளிர்ந்த துணியைப் பாதத்தில் சுற்றிவிட்டு, அந்த அம்மா அண்ணையைக் கண்களை மூடச் சொன்னார். கொப்புளம் இல்லாத பக்கமாக விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டார். “வீ” என்றார் அண்ணை. பிறகு அந்த அம்மா தன் கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, எதையும் தொடாமலே கேட்டார். “வீ, மெர்சி” என்றார் அண்ணை. கீழே பழக்கடைக்காரர் பெட்டி இறக்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

“அண்ணை, மனுசி தொடவேயில்லை” என்றேன்.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. “அந்த மனுசி இவ்வளவு பாடுபடுது. ஒண்டும் தெரியேல்லை எண்டு முகத்துக்கு நேரை எப்பிடியடா சொல்லுறது?”

“அதுக்காகக் காலை எரிய விடுறதோ?”

“தெரியேல்லை எண்டு சொன்னா, இவன் சரிவரான் எண்டு விட்டிடுவினமடா. பேந்து நான் எங்கை போறது?”

அதுவரை எங்கள் வீட்டில் பயந்தவன் நான் ஒருவன்தான் என்று எண்ணியிருந்தேன். குசினியில் முதலாளி எதைக் கேட்டாலும் “வீ” சொல்லி வேலையைக் காப்பாற்றிய மனிதர், தன் காலையும் அதே சொல்லால் காப்பாற்றப் பார்த்திருக்கிறார். டொக்டர்மார் மனம் கோணக் கூடாது என்று நாங்கள் எல்லோரும்தான் தலையாட்டுகிறோம். ஆனால் எங்கள் காலுக்கு மேலே விளக்கு நிற்பதில்லை.

அண்ணை சொன்னதை எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். சீன அம்மா, “விடமாட்டேன். ஆனால் எனக்கு அவருடைய ‘இல்லை’ வேண்டும்” என்றார். கொப்புளம் ஆறும் வரை ஊசியும் இல்லை, விளக்கும் இல்லை. பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினார்கள். கண்ணை மூடு, தொடுகிறேனா? “நோன்.” இப்போது? “நோன்.” அண்ணை ஒவ்வொரு ‘இல்லை’யையும் கடன் கேட்கிறவர் போலக் கூசிக்கூசிச் சொன்னார். எனக்கோ ஒவ்வொன்றும் ஒரு கதவு சாத்துகிற மாதிரிக் கேட்டது. இப்படியே இருந்துவிடுவாரோ என்று மெட்ரோவில் வரும்போது அவர் காலைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்ப்பேன்; சுரங்கத்தில் ஜன்னலில் தெரிவதும் அந்தக் கால்தான்.

பனி உருகத் தொடங்கிய நாட்களில் ஒரு நாள், இளைஞன் கணுக்காலை மேலே தள்ள, சீன அம்மா பெருவிரலுக்குப் பக்கத்தில் ஊசியைத் திருகினார். “அடியேய்! நோகுதடி! எடு!” என்று அண்ணை போட்ட சத்தத்தில் இளைஞன் காலை விட்டுவிட்டான். அண்ணைக்கு அவமானம் தாங்கவில்லை. நல்ல கையால் வாயைப் பொத்திக்கொண்டார். சீன அம்மா, “என்ன சொன்னார்?” என்று என்னைக் கேட்டார். “நோகிறதாம்” என்றேன். அவர் கைதட்டிச் சிரித்தார். இளைஞன் ‘அடியேய்’ என்றால் என்ன என்று கேட்டான்.

“பெரியாக்களைக் கூப்பிடுற மரியாதைச் சொல்” என்றேன்.

“மானத்தை வாங்காதையடா” என்றார் அண்ணை, அழுதுகொண்டு.

ஊசியா, பயிற்சியா, நாள் போனதா, எது வேலை செய்தது என்று எனக்குத் தெரியாது. அண்ணை இப்போது ஊன்றுகோலோடு தெப்பனேர் என்கிற தெருமூலைச் சின்னக் கடைக்குப் போய்ப் பால் வாங்கி வருகிறார். வலது கால் இன்னும் இழுபடும். திரும்பி வரும் வரை நான் ஜன்னலில் நிற்பேன். ‘இல்லை’ சொல்வதை மட்டும் நன்றாகப் பழகிவிட்டார். கறிக்கு உப்பு இல்லை, தேத்தண்ணி சரியில்லை, நான் பிடிக்கிற பிடி சரியில்லை. திட்டு வாங்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு ஆறும்.

சீன அம்மா ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய்ய் பக்கம் மாறிவிட்டார். மஞ்சள் பாதை மெட்ரோவில் ஆற்றைக் கடந்து இன்னும் இடைக்கிடை போகிறோம். போன கிழமை அதே கறுத்த விளக்கைப் பாதத்துக்கு மேலே இழுத்து வைத்து, சூடு அளவாக இருக்கிறதா என்று கேட்டார்.

“வீ” என்றார் அண்ணை.

அந்தச் சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், என் கை விளக்குக்கும் காலுக்கும் நடுவில் போய்விட்டது.

“உண்மையாவோ அண்ணை?”

“ஓமடா, இளஞ்சூடு. கையை எடு. சூடு எனக்கெல்லோ வைச்சது.”

நான் கையை எடுக்கவில்லை.