நடு ஏரியில் புவனா

இல்லவே இல்லை. புவனா உல்லாசத்துக்குப் படகேறுகிறாள் என்று சொல்லும் வாய்கள், அவள் வீட்டில் ஒரே ஒரு பகல் படுத்துப் பார்க்கட்டும், அப்புறம் பேசட்டும்.

அவள் புருஷன் ஜெயகணேஷுக்குச் சுரங்கத்தில் கரி ஓடும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் வேலை. நைட் ஷிஃப்ட் முடித்து வருகிறவன் பகலில்தான் கண்ணை மூட வேண்டும். நைட் ஷிஃப்ட் வீடென்றால் அந்தத் தெருப் பிள்ளைகள் பந்தை எடுத்துக்கொண்டு தள்ளிப்போய்விடும். விசிலுக்குப் பயந்து புவனா குக்கரே வைப்பதில்லை. அந்த மரியாதையெல்லாம் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருக்கிற ஏரியில் மோட்டார் படகு வந்ததோடு போயிற்று. பெடல் படகுகள் மட்டும் மிதந்த தண்ணீரில் அது பாட்டும் இரைச்சலுமாய்ச் சுற்றியது.

"சாயங்காலமா ஓட்டேம்பா. பகல்ல மனுசன் தூங்க வாணாமா?" என்று போய்க் கேட்டாள்.

படகோட்டி மணிமாறன் சிரித்தான். "ஏரி என்னா உன் வூட்டுப் பாயாக்கா?"

ஒரு ராத்திரி பெல்ட் அருகே நின்றபடியே ஜெயகணேஷ் கண்ணயர்ந்துவிட்டான். கூட இருந்தவர் சட்டையைப் பிடித்து இழுத்திராவிட்டால் இன்றைக்குப் புவனாவுக்குப் புருஷன் இல்லை.

மறுநாளே டிக்கெட் வாங்கிப் பெடல் படகை நட்டநடு ஏரிக்கு மிதித்துப்போய் நிறுத்தினாள். பெடல் படகுக்குக் கிட்டே மோட்டாரை மெதுவாக ஊரவிட வேண்டும் என்பது அங்கே விதி. மற்றவர்கள் கரையோரமே சுற்றுவார்கள். இவள் நடுவில் உட்கார்ந்தால் அவன் எங்கே விரட்டுவான்?

"தவமாக்கா பண்ற?"

"ஆமாண்டா, உன் மோட்டாருக்கு வாயடைக்கணும்னு!"

தினமும் போனாள். வெயிலில் முகம் கறுத்தது. வீட்டில் குறட்டை கேட்டது.

பக்கத்து வீட்டுப் பார்வதிதான் மார்க்கெட்டில் ஆரம்பித்தாள்: "புருஷன் தூங்கறான், இவ போட்ல சுத்திகினு இருக்கா. அந்தப் பையன்கிட்ட என்னா சிரிப்புன்ற!"

பேச்சு ஜெயகணேஷ் காதுக்கும் போயிற்று. ஷிஃப்ட் முடிந்து வந்தவன் வாசல் கதவில் கையை ஊன்றி மறித்து நின்றான்.

"இனிமே ஏரிக்குப் போவாத. எனக்குத் தூக்கமே வாணாம்."

"பெல்ட்டுகிட்ட நிக்கறப்போ பார்வதியா வந்து சட்டையப் புடிப்பா?"

"ஊரு சிரிக்குது புவனா."

"சிரிக்கட்டும். நீ தூங்கற நேரம், மெதுவா சிரிக்கச் சொல்லு."

கதவிலிருந்து அவன் கையை எடுத்துவிட்டாள். "சோறு மூடி வச்சிருக்கேன். தின்னுட்டுப் படு."

பக்கத்து வாசலில் பார்வதி துணி உலர்த்துகிற சாக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். புவனா அவளைப் பார்த்துக்கொண்டே செருப்பை மாட்டி, தெருவில் இறங்கி நடந்தாள்.