காக்கைக்கால் முத்திரை

கத்திக்காரர் கையில் எதுவும் மொட்டையாகத் தங்காது. பென்சிலைக்கூட ஊசியாகச் சீவித்தான் காதில் செருகுவார். "பக்கத்துல படுக்கவே பயமா இருக்கு, முழங்கையையும் தீட்டி வெச்சிருக்கீங்க" என்பாள் மனைவி.

இருபத்திரண்டு வருடமாக அவர் அடித்த கத்திகளில் அடையாளம் எதுவும் இல்லை. பாத்திரக் கடைக்காரர்தான் கிளப்பிவிட்டார்.

"உங்களதும் மெஷின் கத்தியும் ஒரே தட்டுல கிடக்கு. வர்றவங்ககிட்ட எதைக் காட்டிச் சொல்றது? ஒரு முத்திரை போடுங்க."

பிள்ளையில்லாத வீடு. பெயர் வைக்கும் வேலை அங்கே அதுதான் முதல். ஒரு வாரம் சுவரெல்லாம் கரியால் கிறுக்கினார்.

"ஒரு வட்டப் புள்ளி போதுங்க" என்றாள் மனைவி.

"புள்ளி எவன் வேணா வைப்பான்."

கடைசியில் மூன்று கோடுகள் ஒரு முனையில் கூடும் காக்கையின் கால். "காக்கா சேத்துல மிதிச்ச மாதிரி இருக்கு" என்று அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. முத்திரை உளியைத் தானே அராவினார். கத்திக்கு வைக்கும் அதே கூர்மையை அதற்கும் வைத்தார். பன்னிரண்டு கத்திகளில், பிடியை ஒட்டி, ஆழமாக ஒரே அடி. பிறகு பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினார். கடைக்குப் பத்து போயின. ஒன்று விடுதியில் சமைக்கும் தங்கைக்கு. ஒன்று வீட்டுக்கு.

ஒன்பதாம் நாள் மத்தியானம் மனைவி பூசணியில் கத்தியை இறக்கி அழுத்தினாள். டப்பென்று சத்தம். அலகு அவள் காதோரம் பறந்து சுவரில் பட்டு விழுந்தது. பிடி மட்டும் கையில் இருந்தது.

"ரத்தம் இல்ல, பயப்படாதீங்க" என்றாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. கத்தி உடைந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். காக்கைக்காலின் நுனியிலிருந்து பாதிவரை கறுப்பு. மீதி புது வெள்ளை. கறுப்பு, எண்ணெய்க் கறை. அப்படியென்றால் இது இன்று விட்ட விரிசல் இல்லை. எண்ணெயில் முக்கிய அன்றே விட்டது. கூரான வெட்டிலிருந்துதான் இரும்பு பிளக்கும் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். உளியை மொட்டையாக விட கைதான் வரவில்லை.

விடுதிக்கு ஓடினார். தங்கை எலும்பு வெட்டிக்கொண்டிருந்தாள்.

"கீழே வைடி!"

"என்னண்ணே, குடுத்ததைப் பிடுங்க வந்தியா? அண்ணிக்குத் தெரியுமா?"

வாங்கி நகத்தால் தட்டினார். ஓட்டைப் பானை மாதிரி பேசியது. விரிசல் அலகில் முக்கால்வாசி ஓடியிருந்தது.

கத்தியைக் கையில் பிடித்தபடியே கடைக்கு நடந்தார். கடைக்காரர் முகமெல்லாம் பல்.

"பத்தும் போயிடுச்சு! காக்கா கத்தி இருக்கான்னு கேட்டு வர்றாங்க."

"யாரு வாங்கினாங்க?"

"யாரைன்னு சொல்ல? எல்லாம் இந்தச் சுத்துவட்டாரந்தான். ஏன், முகம் ஒரு மாதிரி இருக்கு?"

வெளியே வந்தபோது விளக்கு வைக்கும் நேரம். தெரு நெடுக சமையலறை ஜன்னல்கள் திறந்து கிடந்தன. ஒவ்வொன்றிலிருந்தும் பலகைமேல் கத்தி விழும் சத்தம். சில வேகமாக, சில நிதானமாக. எது தன்னுடையது என்று காது வைத்துக் கேட்டார். எல்லாமே தன்னுடையது போலக் கேட்டது.

முதல் வீட்டுக் கதவைத் தட்டினார். ஒரு சாண் திறந்தது. ஒரு பெண்ணின் பாதி முகம்.

"அம்மா, இந்த அடையாளம் உங்க கத்தியில இருக்கான்னு..." முத்திரை தெரிய வேண்டுமென்று கத்தியை முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார்.

அவள் கண் முத்திரைக்குப் போகவே இல்லை. கதவு அறைந்து சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

"அதால வெட்டாதீங்கம்மா!" என்று கத்தினார். எதிர்வீட்டு ஜன்னலும் சாத்திக்கொண்டது. அடுத்த வீட்டில் யாரோ, கடினமான எதையோ, ஓங்கி வெட்டத் தொடங்கினார்கள்.