அக்கா கொண்டுவந்த கோடரி

அருங்காட்சியகத்தின் பின்புறம், ஜன்னல் இல்லாத ஓர் அறையில் அவள் பழைய இரும்புச் சாமான்களைச் சோதித்துக்கொண்டிருந்தாள். விண்கல் இரும்பில் நிக்கல் நிறையக் கலந்திருக்கும். கருவியை வைத்து அழுத்தினால் அளவு தெரிந்துவிடும். உளியோ கத்தியோ, கொண்டுவருகிற எல்லோருக்கும் அது வானத்திலிருந்து விழுந்ததாக இருக்க வேண்டும். "இல்லைங்க" என்று சொல்லிச் சொல்லியே அவளுக்கு அலுத்துப்போயிருந்தது.

அன்று மதியம் அவளுடைய அக்கா, அப்பாவின் கோடரியோடு வந்து நின்றாள். விண்கல் இரும்பில் அடித்தது என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த கோடரி. அவர் போன பிறகு அலமாரியில் வைத்து எண்ணெய் போட்டுக் காப்பாற்றியவள் அக்காதான். தங்கை அதைச் சோதிக்காமல் பல வருஷம் தட்டிக்கழித்திருந்தாள்.

"இன்னிக்காவது பாத்துச் சொல்லுடி."

ஓர் ஓரத்தை லேசாகத் தேய்த்துக் கருவியை வைத்தாள். நிக்கல் இல்லை.

"சாதா இரும்புக்கா."

"அப்ப அப்பா புளுகினாரா?"

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் அவள் இத்தனை காலம் தள்ளிப்போட்டிருந்தாள்.

"யாரோ அவர் தலையில கட்டியிருப்பாங்க. அவரும் நம்பிட்டாரு."

அக்கா கோடரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "தேய்ச்சுத் தேய்ச்சு என் தோள்பட்டைதான் போச்சு. நாலு விறகாவது பிளந்திருக்கலாம்!"

தங்கைக்கும் சிரிப்பு வந்தது. கூடவே கண் கலங்கியது.

"உன் மூஞ்சி ஏன் இப்படித் தொங்கிப்போய்க் கிடக்கு? சாயங்காலம் நேரா நம்ம வீட்டுக்கு வந்து படு," என்று சொல்லிவிட்டு அக்கா கிளம்பினாள்.

வெளியே ஒருவர் சுத்தியலோடு காத்திருந்தார். கூப்பிடத் தெம்பில்லாமல், உள்ளே வரும்படி அவள் கையை மட்டும் அசைத்தாள்.