பாறை படிக்காத அறிக்கை

அலுவலகத்தில் அவருக்குக் கசிவுக்காரர் என்று பெயர். எண்ணெய்க் கிணற்றில் பாறையைப் பிளக்க அழுத்தி அனுப்பும் தண்ணீரில் எவ்வளவைப் பாறை குடித்துவிடும் என்று கணினியில் போட்டுச் சொல்வது அவர் வேலை. குறைத்துச் சொல்லிவிட்டால், விரிசல் சுருங்கி, அதை மூடாமல் தாங்கிப் பிடிக்கப் பின்னால் அனுப்பும் மணல் உள்ளே போக வழியில்லாமல் குழாயிலேயே அடைத்துக்கொள்ளும். பதினோரு வருடமாக எல்லாக் கிணற்றுக்கும் ஒரே அளவைத்தான் சொல்லிவந்தார். எப்போதோ ஆய்வகத்தில் கையளவு கல்லை வைத்து அளந்தது. நிலத்தடிப் பாறையைப் போலத் தண்ணீர் கசிய அந்தக் கல்லில் ஒரு கீறல்கூடக் கிடையாது.

இப்போது கையிலிருந்த கிணறு ஒழுங்காக முடிந்தால் துறைத் தலைவர் நாற்காலி அவருக்கு. வழவழ அட்டை போட்ட அறிக்கை மேலாளரின் மேசைக்குப் போய்விட்டது. அப்போது பார்த்து, கிணற்றடியிலிருந்து மச்சினன் கூப்பிட்டான். பம்பு ஓட்டுபவன்.

“மாமா, சோதனைக்குக் கொஞ்சம் தண்ணி விட்டு நிறுத்திப் பார்த்தோம். பாறை மளமளன்னு குடிச்சு, அழுத்தம் நாலே நிமிஷத்துல விழுந்துடுச்சு. நீங்க இருபது நிமிஷம் நிக்கும்னீங்க.”

“மீட்டர் கெட்டிருக்கும்.”

“மூணு மீட்டரும் பேசி வச்சுக்கிட்டா கெட்டுச்சு?”

“எனக்கே பாடம் எடுக்கறியா?”

“ஐயோ, எனக்கெதுக்கு அந்த வேலை! மணலுக்கு முன்னாடி வெறுந்தண்ணி இன்னும் ரெண்டு பங்கு விட்டுக்கறேன். சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க.”

அளவை மாற்றினால் அறிக்கையை மாற்ற வேண்டும். அறிக்கையை மாற்றினால் பழைய பதினோரு வருடத்தையும் யாராவது கிளறுவார்கள்.

“அறிக்கைல இருக்கறதைச் செய்” என்று போனை வைத்தார்.

பாறை அறிக்கையைப் படிக்கவில்லை. நாற்பதாவது நிமிடத்தில் அழுத்தம் விர்ரென்று ஏறி, பம்புகள் நின்றன. குழாய் நெடுக மணல்.

மறுநாள் கசிவுக்காரர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கசிவு அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பார்த்தார். ஐந்து மடங்கு ஆனபோது கணினி போட்ட அழுத்தக் கோடு, கிணற்றில் பதிவான கோட்டின் மேல் அச்சாக உட்கார்ந்தது. அதைக் கூட்டத்தில் காட்டினார்.

“நம்ம கணக்கு தொண்ணூத்தெட்டு சதவீதம் பொருந்துது சார்.”

மேலாளர் கைதட்டினார். நடந்து முடிந்ததை இத்தனை துல்லியமாகச் சொல்பவரை எப்படி விடுவது? நாற்காலி கிடைத்தது.

மச்சினனுக்கு ஒன்பது நாள் மணல் கழுவும் வேலை கிடைத்தது. பத்தாம் நாள், காதுமடலில் மணலோடு அக்காள் வீட்டுக்கு வந்தான்.

“அந்த அஞ்சு மடங்கை அன்னிக்கே போட்டிருக்கலாமே மாமா?”

“ஆதாரமில்லாம எப்படிப்பா போடறது?”

“அவன் போன்ல சொன்னது என்ன, தாலாட்டா?” என்றாள் மனைவி.

கசிவுக்காரர் சோற்றில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றிக்கொண்டார். மறுநாள் புது நாற்காலிக்கு முதல் கோப்பு வந்தது. மலைக்கு அப்பால் இன்னொரு கிணறு; பாறையே வேறு ரகம். ஐந்து மடங்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சோதனை தேவையில்லை என்று அடியில் ஒரு வரியும் சேர்த்தார்.