மாதா என் வாயைக் கட்டிய கதை

பரீட்சை நெருங்கிய நேரத்தில் என் தொண்டை கட்டிக்கொண்டது. கூப்பிட்டால் காற்றுதான் வந்தது.

புதுச்சேரியில் பிரெஞ்சுச் சட்டம் படித்த எனக்கு வாய்மொழிப் பரீட்சைதான் தலையெழுத்து. அதில் ஏற்கெனவே ஒரு முறை தோற்றவன் நான். எங்கள் ஊரான ஏம்பலத்தில் ஏற்றம் இறைப்பவர்கள் ராகம் போட்டு எண்ணுவார்கள். அந்த ராகத்திலேயே சட்டப் புத்தகத்தை உருப்போட்டிருந்தேன். பொருளைத் தேடவில்லை. நடுவில் யாராவது தும்மினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பரீட்சை வைத்த பிரெஞ்சுத் துரை நடுவிலிருந்து ஒரு விதியைக் கேட்டார். நான் முதல் விதியிலிருந்து ஆரம்பித்தேன். நிறுத்தினார். மறுபடியும் முதல் விதி. அவர் கதவைக் காட்டினார். அது மட்டும் உடனே புரிந்தது.

இந்த முறையும் தவறினால் படிப்பு முடிந்தது. கரும்பு வெட்டக்கூட என்னை யாரும் நம்பிக் கூப்பிட மாட்டார்கள். வில்லியனூர் மாதா கோயிலுக்கு நடந்தே போனேன். குளத்தருகே முழங்காலில் விழுந்தேன். "தாயே, குரலைக் கொடு." அழுகைகூடச் சத்தமில்லாமல் வந்தது.

குரல் திரும்பவில்லை. மாதாவும் கைவிட்டாள் என்று சுருண்டு படுத்தேன். சோறு இறங்கவில்லை. செத்தால் தேவலை என்றிருந்தது.

அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னாடா, வூடு இவ்ளோ அமைதியா கீது? ஓடிப்போன காக்காகூட திரும்பி வந்துடுச்சு." புத்தகத்தை என்னிடம் தள்ளினாள். "இத்தினி நாளா கத்தினியே, அதுல இன்னாதான் எழுதிக்கீது? காதுல சொல்லு."

ராகம் போட வழியில்லை. கண்ணால் படித்தேன். மேட்டு நிலத்திலிருந்து தானாக வடியும் தண்ணீரைப் பள்ளத்து நிலக்காரன் தடுக்கக் கூடாது என்றிருந்தது. தமிழில் கிசுகிசுத்தேன்.

"அட, நம்ம கழனிச் சண்டைடா இது," என்றாள்.

முதன்முதலாக ஒரு விதி எனக்கு விளங்கியது. அன்று முதல் ஒவ்வொரு விதியையும் அவள் காதில் சொன்னேன். அவள் கொட்டாவி விட்டால் எனக்கே விளங்கவில்லை என்று அர்த்தம், மறுபடி படிப்பேன்.

பரீட்சையன்றும் கிசுகிசுப்புத்தான். துரை மேசைமேல் சாய்ந்து காதைக் கொடுத்தார். நடுவிலிருந்து கேட்டார். நடுவிலிருந்தே சொன்னேன். தேறிவிட்டேன்.

குரல் அதற்குப் பிறகுதான் வந்தது. நான் கேட்டது குரல். சர்வேசுரன் மாதா வழியாகக் கொடுத்தது புத்தி. சகோதரரே, கேட்டது கிடைக்கவில்லை என்று கோயிலை விட்டு எழுந்துவிடாதீர்கள். வாயை மூடிக்கொண்டு கொஞ்சம் காத்திருங்கள்.

இன்று நான் வக்கீல். கோர்ட்டில் வாய் திறந்தால் மூடுவதில்லை; எனக்கு மறுபடி தொண்டை கட்ட வேண்டுமென்று எதிர்க்கட்சி வக்கீல் நேர்ந்துகொண்டிருப்பதாகக் கேள்வி. ஆனாலும் புது வழக்கு வந்தால் முதலில் அக்காவின் காதில்தான் சொல்கிறேன். அவள் இன்னும் கொட்டாவி விடுகிறாள்.