கருவாட்டுத் தண்ணீர் குடித்த திராட்சைக்கொடி

போன வாரம் ஒரு கொலைப் பழியிலிருந்து மயிரிழையில் தப்பினேன். சாகக் கிடந்தது... ஒரு திராட்சைக்கொடி!

ஆயர் ஈத்தாம் பிளாட்டில் எங்கள் பக்கத்து வீடு ஸ்டெல்லா அக்கா. ரிட்டயரான டீச்சர். மகளின் பிரசவத்துக்காக ஒரு மாதம் பத்து காவான் என்ற ஊருக்குப் போனார். அவர் வீட்டு பால்கனித் தொட்டி என் பொறுப்பு. மூன்று வருஷம் வளர்த்த கொடியில் இப்போதுதான் முதல் கொத்து - எண்ணிப் பதினோரு காய்.

"தண்ணி மட்டும் ஊத்து தம்பி. வேற ஒண்ணும் செய்யாத லா!"

வெறும் தண்ணீரா? நான் என்ன அவ்வளவு சாதாரண ஆளா? மீன் கழுவிய தண்ணீர் செடிக்கு உரம் என்பார்களே... எங்கள் வீட்டில் அடிக்கடி கருவாடு. ஊற வைத்த தண்ணீரை அப்படியே தொட்டியில் ஊற்றினேன்.

இரண்டே வாரம். இலை ஓரமெல்லாம் கருகிவிட்டது. வெளியே அனல். வெயில்தான் காரணம் என்று தீர்ப்பு எழுதி, தெம்புக்கு இன்னும் கொஞ்சம் கருவாட்டுத் தண்ணீர் கொடுத்தேன். இலைகள் உதிர ஆரம்பித்தன. குடை கட்டினேன். டேபிள் ஃபேன் வைத்தேன். சிரிக்காதீர்கள்!

என் மனைவிதான் துப்புத் துலக்கினாள். "ஏங்க, பிளாட்டு பூனையெல்லாம் ஏன் இந்தத் தொட்டியையே சுத்துது?" குனிந்து மண்ணை மோந்தாள். "ஐயோ... கருவாட்டுத் தண்ணியா? அத்தனையும் உப்புங்க!"

சந்தையில் செடி விற்கும் தம்பியிடம் ஓடினேன்.

"உப்பும் வெக்கையும் சேர்ந்தா, கொடி இலையில இருக்கிற பொடி ஓட்டைய எல்லாம் சாத்திக்கும் அண்ணே. உள்ள இருக்கிற தண்ணியக் காப்பாத்தணுமில்ல? ஏறின உப்பு பழைய இலையில சேரும். அதை உதிர்த்துட்டுக் குருத்தைக் காப்பாத்தப் பார்க்கும். நல்ல தண்ணிய அடியில வழிய வழிய ஊத்துங்க. நிழல்ல வைங்க. அப்புறம் சும்மா இருங்க லா!"

சும்மா இருப்பதா? அதுதானே கஷ்டம்! நெருக்கடி வந்தால் கொடி வாயை மூடிக்கொள்கிறது. இழக்க வேண்டியதை இழக்கிறது. நானோ வாயைத் திறந்து பத்துப் பேருக்கு போன் போடுகிறேன்.

ஆனாலும் செடிக்காரத் தம்பி சொன்னபடியே செய்தேன். ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தார். பாதி மொட்டைக் கொடி. நுனியில் ஒரு பச்சைக் குருத்து. கொத்தில் மிச்சம் ஆறு காய். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

"செடிக்கு ஃபேன் போட்டியா?" அக்கா என் தோளைத் தட்டினார். "பரவால்ல தம்பி. பேத்தி தும்முனா என் மருமகனும் இப்படித்தான் ஆடுறாரு. பாசம் இருக்கிற இடத்துல பயம் இருக்கும்."

ஒரு காயைப் பறித்துக் கடித்தார். முகம் சுருங்கியது.

"என்னா புளிப்பு! கொஞ்சம் உப்பு எடுத்துட்டு வா தம்பி, தொட்டுக்க."

உப்பு டப்பாவை என் கையில் கொடுக்க மனைவி மறுத்துவிட்டாள்.